அது வேற, இது வேற

என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அந்த அக்கா என்னிடம் கேட்டது இதுதான்: "உங்க வூட்ல சாம்பாருக்குப் புளி எப்ப ஊத்துவாங்க? காய் வேகறதுக்கு மின்னயா, வெந்த பின்னயா?"

சித்தூருக்கு வெளியே இருந்த ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் கேண்டீன் வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். வேலையில் சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் டீயும் பன்னும்தான். கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

"உங்கம்மா செய்யறத பாத்ததில்ல?"

"இல்லக்கா."

"துன்ன மட்டும் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார். எனக்குப் பின்னால் நின்றவன், "எனக்கும் தெரியாதுக்கா" என்று தட்டை நீட்டினான்.

"உனக்குத் தெரியாததெல்லாம் நேத்தே முடிஞ்சிபோச்சி. நவுரு."

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவரோ கரண்டியைப் பிடித்தபடியே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கத்திரிக்காய் வேகும் முன் புளி ஊற்றினால் காய் விறைத்து நிற்கும், எத்தனை விறகு வைத்தாலும் குழையாது. வெண்டைக்காய்க்கு மட்டும் புளித்தண்ணீரை முதலிலேயே ஊற்ற வேண்டும், அப்போதுதான் வழவழப்பு அடங்கும். "ரெண்டும் காய்தான். ஆனா அது வேற, இது வேற."

இந்த நாலு சொல்லை அவர் ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்வார். கேண்டீனில் வேலை செய்த பெண்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அதையே அவருக்குப் பெயராக வைத்திருந்தார்கள். "அதுவேற அக்கா வராங்க, உலைமூடிய போடு" என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

நான் அப்போது எந்த ஊரிலும் நிலைக்காதவன். நகரியில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடியது. அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்க ஏழாம் வகுப்புப் பாதியில் வெளியே வந்தவன், குப்பத்தில் கிரானைட் அறுக்கும் இடத்தில் ஒரு வருடம், லாரியில் கிளீனராக இரண்டு வருடம், பெங்களூரில் கட்டிட வேலை கொஞ்ச காலம் என்று சுற்றினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், அல்லது போவதற்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தூரைச் சுற்றிக் கூழ் ஃபேக்டரிகள் புதிது புதிதாக முளைத்தன. மாங்காய் சீசனில் யார் போய் நின்றாலும் எடுத்துக்கொள்வார்கள். லாரியில் வரும் காயை இறக்க என்னை எடுத்தார்கள். காலிச் சாக்குகளை விரித்து அங்கேயே தூங்கினேன்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். கங்காதர நெல்லூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவர் சின்ன வயதில் அவர்களுக்குக் காணி நிலம் கிடையாது. ஏர் வைத்திருந்தவர்கள் வீடுகளில் அம்மாவோடு போய் மாடு கழுவி, நெல் புடைத்து, அவர்கள் கொடுத்ததை வாங்கித் தின்று வளர்ந்தவர். ஒரு நாள் தமிழர் வீடு, ஒரு நாள் தெலுங்கர் வீடு, அறுவடை நேரத்தில் கன்னடக்காரர் வீடு. அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழாது.

"பத்து வூட்டு மிச்சம் துன்னவ நான், நைனா. ஒரே வூட்டு சோத்த துன்னவங்களுக்கு இந்த நாக்கு வராது."

எங்கள் பக்கத்தில் அப்பாவையும் நைனா என்போம், வயதில் சின்னவனைப் பிரியமாகக் கூப்பிடவும் நைனா என்போம். என்னைக் கூப்பிட்டதில் பிரியம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. கேண்டீனில் எல்லோரும் அவருக்கு நைனாதான், மேனேஜரைத் தவிர.

அவரிடம் ஒரே அளவில் இரண்டு அலுமினியக் கிண்ணங்கள் இருந்தன. அவற்றை வேறு யாரும் தொடக்கூடாது. கடையிலிருந்து புதிதாக எது வந்தாலும், பழையது ஒரு கிண்ணத்தில், புதியது ஒரு கிண்ணத்தில். ஒரே அளவு தண்ணீர், ஒரே அடுப்பு. வெந்ததும் இரண்டிலும் விரலை வைத்து நசுக்கிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், கடைசியாகத்தான் நாக்கில் வைப்பார். அந்த வருடங்களில் புதிது புதிதாகத்தான் எல்லாமே வந்தன. செக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பாக்கெட்டில் பாமாயில் வாங்கினார்கள். துவரம்பருப்பு கப்பலில் வந்தது என்றார்கள். "கப்பல்ல வந்தது சீக்கிரம் வேகுது. ஆனா வெந்ததும் தண்ணியா கரைஞ்சிடுது. நம்புளுது நேரம் எடுத்துக்குது, அப்பறம் உக்காருது. பப்புக்கு நம்புளுத போடு. ரசத்துக்கு அது போதும்." பப்பு என்பது கெட்டியாகக் கடைந்த பருப்பு. ஒன்று நல்லது, இன்னொன்று கெட்டது என்று அவர் பெரும்பாலும் சொல்ல மாட்டார். எது எதற்கு என்றுதான் சொல்வார்.

ஃபேக்டரிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்தன. லைன் வீடு என்போம். எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஒரு மாதம் முழுக்க அங்கே எல்லா வீட்டிலும் குழம்பு உப்புக்கரித்தது. புருஷன்மார் கத்தினார்கள். பெண்கள் உப்புக் கம்பெனியைத் திட்டினார்கள். அப்போதுதான் பாக்கெட்டில் தூளுப்பு வந்திருந்தது. அக்கா ஒரு டம்ளர் கல்லுப்பையும் ஒரு டம்ளர் தூளுப்பையும் எடுத்துக்கொண்டு வந்து, ஃபேக்டரி தராசில் வைக்கச் சொன்னார். தூளுப்புதான் கனமாக இருந்தது.

"பாத்தியா? கல்லுக்கு நடுவுல சந்து இருக்குது. தூள்ல சந்து ஏது? கை அதே கைதான், உப்பு அதே உப்பு இல்ல. கல்லுல ஒரு பிடி போட்டவ தூள்ல முக்கா பிடியும் போடக்கூடாது."

மறுநாள் லைன் வீட்டில் சத்தம் அடங்கியது. அதன்பின் சாயங்காலமானால் பெண்கள் கேண்டீன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சீரகம் தீர்ந்துவிட்டது, சோம்பு போடலாமா? கறிக்கு என்றால் போடு, ரசத்துக்குப் போட்டால் கறி வாசம் வரும், வெறும் மிளகே போதும். புதுப் புளியா, பழம்புளியா? புதுசு வெளுத்து இருக்கும், புளிப்பு முன்னால் வந்து அடிக்கும், சட்னிக்கு அதுதான். பழசு கறுத்து இருக்கும், புளிக்குழம்புக்கு நிறமும் அதில்தான் வரும். புது அரிசிக்குத் தண்ணீர் குறை, பழைய அரிசிக்குக் கூட்டு. வந்த பெண்களில் பாதிப் பேர் பதினெட்டு, இருபது வயதில் வேற்றூருக்கு வந்து, கேட்க ஆள் இல்லாமல் அடுப்பு மூட்டியவர்கள்.

ஒரு நாள் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் அழுதுகொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா கோழிக் குழம்புக்குப் பக்குவம் சொல்லியிருக்கிறார், "மூணு ஸ்பூன் காரம்" என்று. தெலுங்கில் காரம் என்றால் மிளகாய்த்தூள், அவ்வளவுதான். நமக்குக் காரம் என்பது ஒரு ருசி. அந்தப் பெண் உட்கார்ந்து யோசித்து, மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன், மிளகு ஒரு ஸ்பூன், இஞ்சி ஒரு ஸ்பூன் என்று கணக்கைச் சரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள். புருஷன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிவிட்டானாம்.

அக்கா சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு சொன்னார்: "இந்த ஊர்ல பேர நம்பி சமைக்காத, தாயி. இன்னா வோணுமோ எடுத்து காட்டச் சொல்லு. கண்ணால பாத்துட்டு அப்பறம் போடு."

அவர் சொல்வது எல்லோருக்கும் இனித்தது என்று சொல்ல முடியாது. லைன் வீட்டில் ஒரு காது குத்து. கூப்பிட்டவள் கணவன் இல்லாதவள், மாங்காய் வெட்டும் வேலை. ஊரெல்லாம் கூப்பிட்டு, "சுத்த நெய்ல செஞ்சேங்க" என்று ஒவ்வொரு இலையாக வந்து கேசரி வைத்தாள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்: "நெய் மேலதான் இருக்குது. கீழ டால்டா."

பந்தி நின்றுபோயிற்று. அந்தப் பெண் கையிலிருந்த தட்டோடு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அக்கா இலையை மூடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேசரியை முழுக்கத் தின்றார். பிறகு புழக்கடைக்குப் போய், பொழுது சாயும்வரை அந்த வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் தேய்த்து வைத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது, "பொய் சொல்லல நானு" என்றார். சற்றுத் தூரம் போய், "ஆனா அங்க யாரும் என்னை கேக்கல" என்றார்.

அவருடைய கணவர் பெங்களூரில் செங்கல் தூக்கினார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். எது போட்டாலும் "நல்லாக்கீது" என்பார். "நல்ல மனுசன். நாக்குதான் கெடையாது" என்பார் அக்கா.

இனி அந்தச் சாம்பார் விஷயம். கேண்டீனில் தமிழர்களும் தெலுங்கர்களும் ஒரே பெஞ்சில் தின்றார்கள். பீலேரிலிருந்து வந்த ஒருவர் தினமும் வம்புக்கு இழுப்பார். "மீ சாம்பாரு ஏமிட்டி, மா பப்புச்சாருதானே? அரவோள்ளு பேரு மார்ச்சிட்டாரு" என்பார். எங்கள் பப்புச்சாரைத்தான் நீங்கள் பெயர் மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரவம் என்றால் தெலுங்கில் தமிழ். தமிழர்கள் எழுந்துகொள்வார்கள். அக்கா உள்ளேயிருந்தே இரண்டு தரப்பையும் திட்டுவார். "பப்புச்சாருல பருப்பு தண்ணியா இருக்கும், புளி இருக்கும், பூண்டு தாளிப்பு இருக்கும். பொடி கெடையாது. சாம்பார்ல தனியா வெந்தயம் வறுத்த பொடி விழணும். பொடி விழாட்டி அது சாம்பாரே இல்ல. உங்களுது எங்களதவிட மட்டமில்ல, எங்களது உங்களுது இல்ல. உக்காந்து துன்னுங்கடா."

ஒரு நாள் கூழ் வாங்கும் வெளிதேசக் கம்பெனி ஆட்கள் ஃபேக்டரியைப் பார்க்க வந்தார்கள். கேண்டீனையும் காட்டுவதாக ஏற்பாடு. வாசல் கரும்பலகையில் சாதம், சாம்பார், பொரியல் என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. காலையிலேயே தனியாப் பொடி தீர்ந்துவிட்டது. கேண்டீனை எடுத்து நடத்திய காண்ட்ராக்டரிடம் மூன்று நாளாகக் கேட்டும் வாங்கித் தரவில்லை. அக்கா புடவைத் தலைப்பால் பலகையில் 'சாம்பார்' என்பதைத் துடைத்தார். என்னைக் கூப்பிட்டு, "நைனா, உனக்கு தெலுங்கு எழுத்து வருமில்ல? பப்புச்சாருன்னு எழுது" என்றார். எழுதினேன்.

மேனேஜர் வந்து, யார் மாற்றியது என்றார்.

"நான்தான் சார். பொடி தீந்துபோச்சி. பொடி இல்லாம சாம்பார் ஏது?"

"யாருக்கும்மா தெரியப் போவுது?"

"எனக்கு தெரியுதே சார்."

வந்தவர்கள் ஏதும் கவனிக்கவில்லை. நன்றாகத் தின்றுவிட்டுப் போனார்கள். ஆனால் சாமான் ஏன் தீர்ந்தது என்று மேனேஜர் காண்ட்ராக்டரைக் கேட்டார். காண்ட்ராக்டர் அதை மறக்கவில்லை.

அது சீசன் முடிவில் தெரிந்தது. அடுத்த வருடத்திலிருந்து கேண்டீன் கிடையாது, டவுன் ஹோட்டலிலிருந்து பொட்டலம் வரும் என்று சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில் திருப்பதியில் ஓர் ஏஜெண்ட் குவைத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. அங்கே ஆஸ்பத்திரிகளில் துடைக்கும் வேலைக்கு இருபது பெண்கள், அந்தப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமைக்க ஒரு பெண். அக்கா அந்த ஒன்றுக்குப் போவதென்று முடிவு செய்தார். வேலை செய்த இடத்திலிருந்து லெட்டர் வேண்டும் என்றார்கள். காண்ட்ராக்டர் ஒரு லெட்டர் கொடுத்தார். அக்கா தமிழில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான் படிப்பு. லெட்டரை என்னிடம் நீட்டினார்.

அதில் 'கிளீனிங் ஹெல்பர்' என்று இருந்தது.

முந்நூறு பேருக்கு அவர்தான் மூன்று சீசன் பொங்கிப் போட்டார். ஆனால் வேலையாட்கள் பெயர் எழுதும் மஸ்டரில் குக் என்ற இடத்தில் காண்ட்ராக்டரின் மச்சான் பெயர் இருந்தது. அந்த ஆள் அடுப்பங்கரைப் பக்கம் வந்ததே கிடையாது.

"சமையல்னு எங்கியும் இல்லயா?"

"இல்லக்கா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். லெட்டரை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "மூணு வருசமா நான் அங்க இன்னாவா இருந்தேன், நைனா?" என்று கேட்டார். பிறகு, "திருப்பதிக்கு கூட வா. அங்க ஃபாரத்துல இன்னா எழுதறாங்கன்னு பாக்கணும். இந்த வாட்டி நான் ஏமாற மாட்டேன்" என்றார். எனக்கும் சித்தூரில் வேலை முடிந்திருந்தது. போனேன்.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் பரீட்சை. குக் வேலைக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். துடைக்கும் வேலைக்கு வந்தவர்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். பரீட்சை வைத்தவர் ராயசோட்டிப் பக்கத்து அம்மா, குவைத்தில் பல வருடம் சமைத்தவர். எல்லோரும் மேடம் என்றார்கள். ஏஜெண்ட் அக்காவின் லெட்டரைப் பார்த்துவிட்டு, "இது கிளீனிங்குக்கு. நீ மரத்தாண்ட போ" என்றான்.

"அது காண்ட்ராக்டர் எழுதினது. அடுப்பாண்ட வுட்டு பாருங்க" என்றார் அக்கா. மேடம் தலையசைத்து உள்ளே விட்டார்.

மேடம் தெலுங்கில் சொன்னார்: பப்பு, சாரு, கீரா போட்ட பெருகுப் பச்சடி. சாரு என்றால் ரசம், பெருகு என்றால் தயிர். நடுவில் ஒரு மேசையில் காய், கீரை, பருப்பு எல்லாம் குவித்திருந்தது. ஆளுக்கு ஒரு சொம்பு தயிர். ஒன்றரை மணி நேரம்.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பருப்பை ஏற்றிவிட்டு நேராகக் கீரைக்கட்டுகளிடம் போனார். ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கிள்ளிப் பச்சையாக மென்றார். புளிச்சகீரையைத் தள்ளி வைத்தார், தயிரோடு சேர்ந்தால் புளிப்பும் புளிப்பும் முட்டிக்கொள்ளும். பசலையை எடுத்தார். நிறம் கருக்காமல் இருக்க மூடி போடாமல் வேகவைத்து, ஆறவைத்து, பிழிந்து, அதன் பிறகே தயிரில் போட்டார். சூட்டோடு போட்டால் தயிர் திரிந்துவிடும். அவ்வளவு தயிரையும் ஊற்றிப் பச்சடியை முடித்துவிட்டுக் கை கழுவத் திரும்பினார்.

பக்கத்து அடுப்பில் ஹைதராபாத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்த பெண் வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கை அப்படியே நின்றது. "இதென்னம்மா?" என்று தெலுங்கில் கேட்டார்.

"கீரா" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் வெள்ளரியைத் தோசக்காய் என்பார்கள். கீரா என்று நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை, தமிழில் கீரை என்று சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருந்தது. சித்தூர்ப் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் பாதி தெலுங்கும் பாதி தமிழும் கலந்துதான் பேசுவோம். தெலுங்கு மட்டும் தெரிந்தவராக இருந்தால், என்ன அது என்று கேட்டிருப்பார். இரண்டும் தெரிந்ததால் வந்த வினை.

அக்கா கதவருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நம்புளுக்காக அந்தம்மா நடுவுல அரவம் பேசறாங்கன்னு நெனச்சிட்டேன், நைனா. பேர கேட்டுட்டு போய்ட்டேன். எடுத்து காட்டச் சொல்லல. ஊருக்கெல்லாம் சொன்னவ நானு."

"வெள்ளரிக்காயையும் சீவி அதுலயே போட்டுடுக்கா. ரெண்டும் இருந்த மாதிரி ஆச்சி" என்றேன்.

"வாய மூடு" என்றார். அந்தக் கோபத்தில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். மேசைக்குப் போய் வெள்ளரிக்காய் எடுத்தார். தயிர் இல்லை. நறுக்கினார், வேர்க்கடலையை வறுத்து ஒன்றிரண்டாக இடித்துத் தூவினார், பச்சைமிளகாய், எலுமிச்சை. உப்பு மட்டும் போடவில்லை. அதை ஒரு இலைக் கிழிசலில் தனியாக வைத்தார். வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த இரண்டு கிண்ணங்களில் கீரையையும் வெள்ளரியையும் தனித்தனியாக வைத்து நேரம் முடியும்போது நின்றார்.

மேடம் வரிசையாகச் சுவைத்துக்கொண்டு வந்தார். அக்காவின் பப்பைத் தின்றார், சாரைக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பச்சையாக இருந்த பச்சடிக் கிண்ணத்தைக் காட்டி, இது என்ன என்றார். பேச்சு முழுக்கத் தெலுங்கில்தான் நடந்தது, நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"கீரை மேடம். நீங்க சொன்னத தப்பா எடுத்துக்கினேன். தயிரெல்லாம் அதுல போயிடிச்சி. இதுதான் நீங்க கேட்டது, ஆனா இதுல தயிர் இல்ல. துன்றப்போ உப்ப கலந்துக்குங்க, மின்னயே போட்டா தண்ணி வுட்டுக்கும்."

மேடம் இரண்டையும் தின்றார். கீரையை மறுபடி ஒரு வாய் எடுத்தார். "இது நல்லா இருக்குது. நீ ஒண்ணும் சொல்லாம வச்சிருந்தா இப்படி ஒரு தினுசுன்னு நெனச்சி போயிருப்பேன். ஏன் சொன்ன?"

"எது எதுன்னு துன்றவங்களுக்கு தெரியணும் மேடம்."

"ஹாஸ்டல்ல நாலு பாஷக்காரங்க இருக்காங்க. நாளைக்கும் இதே தப்பு வருமே?"

"இந்தப் பேருக்கு வராது. வேற பேருக்கு வரும். வந்தா சொல்லிடுவேன்."

மேடம் பக்கத்துப் பெண்ணின் பச்சடிக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். உப்புப் போட்டு நேரமானதால் தயிர் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாக நின்றது. ஏஜெண்டிடம் திரும்பி, அக்காவைக் காட்டி, "இவங்க" என்றார்.

ஏஜெண்ட் ஃபாரத்தை எடுத்தான். எழுதப் போனவன் நிறுத்திவிட்டு, "லெட்டர்ல கிளீனிங்னு இருக்குதே மேடம். அதையே போட்டுக்கலாம், எனக்கு சுலுவு. அங்க போய் சமையல் பண்ணட்டும். பேர்ல இன்னா இருக்குது?" என்றான்.

மேடம் பதில் சொல்வதற்குள் அக்கா தன் கிண்ணங்களைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார். கழுவிக்கொண்டே சொன்னார்: "அப்ப எனக்கு வோணாம். தொடைக்கற வேல குடுத்தா தொடைக்கறேன், எனக்கு வெக்கம் இல்ல. ஆனா சமைக்க மாட்டேன். சமைக்கணும்னா சமைக்கறவன்னு எழுது. அது வேற, இது வேற."

"ஏம்மா, கெடச்சத வுட்டுட்டு..."

"கெடைக்கல இன்னும்."

திரும்பிப் போனால் கேண்டீன் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கிண்ணங்களைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மரத்தடிப் பெண்கள் எழுந்து நின்று சன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

மேடம் ஏஜெண்டிடம் அமைதியாகச் சொன்னார்: "நான் பரீட்சை வச்சது குக்குக்கு. தொடைக்கறதுக்கு யாராவது பப்பு ஆக்கச் சொல்வாங்களா? எழுது."

அவன் எழுதினான். அக்கா பையை இறக்காமலே என்னைக் கூப்பிட்டார். "இன்னா எழுதறான் பாரு."

இங்கிலீஷ் பெரிய எழுத்து எனக்குத் தெரியும். "சி போட்டிருக்காங்க. அப்பறம் ரெண்டு ஓ. கடைசில கே. குக்."

"ஓன்னா எப்படி இருக்கும்?"

"சுன்னா மாதிரி. நடுவுல ரெண்டு சுன்னா."

எங்கள் ஊரில் சுன்னா என்றால் பூஜ்யம். அக்கா குனிந்து அந்த இடத்தை விரல் படாமல் பார்த்தார்.

ஏஜெண்ட் எரிச்சலோடு அதை மரத்தடிப் பெண்களின் ஃபாரங்களோடு சேர்த்து ஒரே கட்டாகத் தட்டிக் கலைத்து வைத்தான். இருபத்தோரு காகிதம், எதிலும் இன்னும் போட்டோ ஒட்டவில்லை. கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது அவன் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசிக்கத் தொடங்கினான். அக்கா முன்னால் போய், "இரு" என்று கட்டை வாங்கிக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாமல், ஒவ்வொரு காகிதத்திலும் வேலையின் பெயர் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டு போனார். பதினாலாவதோ பதினைந்தாவதோ காகிதத்தில் கை நின்றது. அதை உருவி எடுத்து, பேனாவுக்குக் கையை நீட்டினார்.